ஏற்பாட்டு மழை

ஜெரூஷா பட்டதாரி ஆவதற்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு மழை. அது பெய்யாத மழை அல்ல. ஊரே நனைய நனையப் பெய்த மழை. ஆனால் பெய்ததெல்லாம் செல்லாது என்று கல்லூரி சொல்லிவிட்டது.

கல்லூரி என்றால், மேற்குத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகிற பக்கத்தில், பாதி ஏரிக்குள்ளும் மீதி ஏரிக்கரையிலுமாகக் கட்டப்பட்ட வான்புகழ் கலை அறிவியல் கல்லூரி. தன்னாட்சி பெற்றது. அதாவது பாடத்தை அவர்களே எழுதி, பரீட்சையை அவர்களே வைத்து, பட்டத்தையும் அவர்களே கொடுத்துக்கொள்ளலாம். பி.காமும் பி.சி.ஏ.வும் தெருவுக்குத் தெரு இருக்கிறது, நம்மிடம் மட்டும் புதிதாக ஏதாவது வேண்டும் என்று தாளாளர் அப்பாதுரைக்கு ஒருநாள் தோன்றியது. அப்படிப் பிறந்ததுதான் இளநிலை வானிலையியல். பாடத்திட்டத்தைக் குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணையதளத்திலிருந்து எடுத்தார்கள். பனிப்பொழிவை மண்வெட்டியால் தள்ளுவது பற்றிய செய்முறைகளை மட்டும் மனசில்லாமல் நீக்கினார்கள்.

பதினேழாம் செய்முறை தங்கிவிட்டது. அதன் பெயர் 'கனமழை நேரடி அளவீடு'. மாணவர் கல்லூரியின் வேலை நாளில், செய்முறை நேரமாகிய பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள், வளாகத்திலுள்ள மழைமானியில், ஏழு சென்டிமீட்டருக்குக் குறையாத மழையைத் துறைத்தலைவர் முன்னிலையில் அளந்து காட்ட வேண்டும். காட்டாதவருக்குப் பட்டம் கிடையாது.

படித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சென்னைப் பக்கம் வானம் லேசாகக் கனைத்தாலே போதும், விடியற்காலையில் பள்ளி கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவித்துவிடுவார்கள். மழை வந்தால் அது வேலை நாள் இல்லை. வேலை நாள் என்றால் மழை இல்லை. இந்த இரண்டும் இந்த ஜென்மத்தில் சந்திக்காது என்பதைத் துறை தொடங்கி நாலைந்து வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்ததும் விதியைத் திருத்தினார்களா என்று கேட்கக் கூடாது. விதியைத் திருத்தினால் விதி தப்பு என்று ஆகிவிடும் அல்லவா?

ஆகையால் வானிலையியல் துறையில் சேர்ந்தவர்கள் உண்டு, முடித்தவர்கள் இல்லை. முதல் வருஷங்களில் சேர்ந்த மெர்வின் இப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். சேலையூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். ஆனாலும் ஐப்பசி பிறந்துவிட்டால் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கேண்டீனில் வந்து உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பான். அவனைப் போல இன்னும் பலர் இருந்தார்கள். கேண்டீன்காரர் அவர்களை 'மழைக் கோஷ்டி' என்பார்.

ஜெரூஷா இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் வீடு முடிச்சூரில். இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் வந்தபோது அவள் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். படகில் ஏற்றிக்கொண்டு போகும்போது அம்மா சரோஜினியிடம் கேட்டாள்: "இவ்ளோ வரும்னு ஏன் மம்மி யாருமே நேத்து சொல்லல?"

"சொல்றதுக்குன்னு படிச்சவங்க இருப்பாங்கம்மா. அவங்களைத்தான் கேக்கணும்" என்றாள் சரோஜினி.

படித்தவளாகிவிடலாம் என்று அன்றைக்கு முடிவு செய்த குழந்தை, இன்றைக்கு எல்லாத் தாளிலும் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, ஒரே ஒரு மழைக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். மீனவர்களுக்கும் கட்டடக்காரர்களுக்கும் வானிலை சொல்லும் சிறுசேரிக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலையும் கிடைத்திருந்தது. ஜூன் கடைசித் திங்கட்கிழமைக்குள் தற்காலிகப் பட்டச் சான்றிதழோடு வந்து சேர வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

மழையைப் பிடிக்க அவள் படாத பாடு இல்லை. நவம்பரில் ஒருநாள் விடிய விடியக் கொட்டியது. விடுமுறை அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் முழங்கால் தண்ணீரில் நடந்து கல்லூரிக்குப் போனாள். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு வெளியே பாத்திரம் வைத்து அளந்து, மறுநாள் துறைத்தலைவர் அபிதகுஜாம்பாளிடம் காட்டினாள்.

"இது லீவு மழைம்மா. செல்லாது" என்றார் அபிதகுஜாம்பாள்.

இன்னொரு தடவை விடுமுறை அறிவிக்க மறந்துவிட்டார்கள். மழையும் வந்தது. ஒன்று பத்துக்கு வந்தது. செய்முறை நேரம் முடிந்துவிட்டதால் அது உணவு இடைவேளை மழை ஆகிவிட்டது. மூன்றாம் தடவை எல்லாம் கூடிவந்தது. வேலை நாள், பதினொரு மணி, நல்ல மழை. மழைமானியைத்தான் காணோம். ஆய்வுக் குழு வரப்போகிறது, சாமான் துருப்பிடித்திருக்கக் கூடாது என்று அதைத் துடைத்து எண்ணெய் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். பெய்தும் கெடுத்தது, காய்ந்தும் கெடுத்தது என்பார்களே, அந்தப் பழி மழைக்கு வேண்டாம். மழை தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

பிப்ரவரியில் ஜெரூஷா துணிந்து தாளாளரையே பார்த்துவிட்டாள். அப்பாதுரையின் அறையில் அவருடைய படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஒன்றில் அவர் விளக்கேற்றினார். ஒன்றில் நாடா வெட்டினார். ஒன்றில் மரக்கன்று நட்டார். மரக்கன்று படத்தில் மட்டும்தான் இருந்தது.

"சார், ரூலைக் கொஞ்சம் மாத்தினா நல்லா இருக்கும். லீவு நாள்ல பெய்யுற மழையையும் எடுத்துக்கலாமே சார்" என்றாள்.

அப்பாதுரை கண்ணாடியைக் கழற்றினார். மேடையில்லாமலே மேடைக்குரல் வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன். மழை நம்ம கல்லூரியில பதிவு பண்ணியிருக்கா? இல்ல. அதுக்கு நம்ம டைம்டேபிள் தெரியுமா? தெரியாது. அப்படிப்பட்ட ஒருத்தரை நம்பி நான் எப்படிம்மா பரீட்சை நடத்துறது? சரி, இன்னொண்ணு. இந்தத் துறையில இத்தனை வருஷத்துல ஒருத்தராவது ஃபெயில் ஆயிருக்காங்களா?"

"இல்ல சார். ஆனா யாரும் பாஸும் ஆகல."

"அதுதாம்மா பெருமை! எல்லாரும் தொடர்ந்து படிச்சிட்டு இருக்காங்க. வருஷா வருஷம் வந்து பரீட்சை ஃபீஸ் கட்டுறாங்க. மத்த காலேஜ்ல பாரு, மூணே வருஷத்துல டிகிரியைத் தூக்கிட்டு ஓடிடுறான். அப்புறம் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. நம்ம பிள்ளைங்க அப்படியா? மெர்வின் தலை நரைக்குது, இன்னும் வர்றான். இந்த விசுவாசத்தை நான் எந்த ரூலை மாத்தி வாங்குவேன் சொல்லு?"

ஜெரூஷா போகாமல் அங்கேயே நின்றாள். அப்பாதுரைக்கே மனம் இளகிவிட்டது. "உன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஒரு கமிட்டி போடுறேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை அவள் அப்போதே நினைத்துக்கொண்டிருக்கலாம். நினைக்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மழை மேலாண்மைக் குழுவில் வணிகவியல் பேராசிரியர், உடற்கல்வி இயக்குநர், நூலகர், தமிழ்த்துறையில் ஒருவர் என்று பலர் இருந்தார்கள். வானிலைத் துறையிலிருந்து யாரும் இல்லை. இருந்தால் நடுநிலை கெட்டுவிடும். மூன்று மாதம் கூடிக் கூடிப் பிஸ்கட் தின்றார்கள். முதல் கூட்டத்தில் மழை என்றால் என்ன என்று வரையறுத்தார்கள்: மேலிருந்து கீழே விழும் நீர். இரண்டாம் கூட்டத்தில், அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று பாடத்திட்டத்தில் எங்கும் சொல்லவில்லை என்பதை வணிகவியல் பேராசிரியர் கண்டுபிடித்தார். மூன்றாம் கூட்டத்தில் மழைக்கு டெண்டர் விடுவது என்று முடிவாயிற்று.

சுற்றறிக்கை வந்தது. ஜூன் இருபத்தைந்தாம் தேதி, காலை பத்தரை மணிக்கு, வளாகத்தில் ஏற்பாட்டு மழை நடைபெறும். மழை மூலம்: டேங்கர் லாரி. மழை அளவு: ஏழு சென்டிமீட்டர். மாணவர்கள் வெள்ளைக் கோட்டுடன் வர வேண்டும். குடை கூடாது.

மழைக் கோஷ்டி கேண்டீனில் லட்டு வாங்கிக் கொடுத்தது. ஜெரூஷா மட்டும் சுற்றறிக்கையை இரண்டு தடவை படித்தாள். வேலைக்குப் போக இன்னும் பத்து நாள்கூட இல்லை. மழையோ லாரியோ, சான்றிதழ் வந்தால் சரி என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஏற்பாட்டு மழை நாளன்று நுழைவாயிலில் தோரணம் கட்டியிருந்தார்கள். வெளித் தேர்வாளராக வந்த டாக்டர் ஜெயவேலுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு மாலை போட்டு, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மழை உள்ளே வந்தது.

ஓட்டி வந்தவர் பக்தவச்சலம். மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிக்கிறவர். இறங்கியதுமே கத்தினார்.

"இன்னா சார், காலீலேந்து வெளிய நிக்க வெச்சிகினு கீறீங்க? ரெண்டு டிரிப்பு போச்சு. தண்ணி எறக்குற சம்ப்பு எங்க கீது?"

அபிதகுஜாம்பாள் மைதானத்தின் நடுவே இருந்த மழைமானியைக் காட்டினார். அது ஒரு சின்னக் குடத்தின் அளவு இருந்தது.

பக்தவச்சலம் அதையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுலயா? பன்னெண்டாயிரம் லிட்டருக்கா, மேடம்? இத்த என் டீ டம்ளராலயே ரொப்பிருவேனே!"

"மேலேர்ந்து தூவணும்ப்பா. மழை மாதிரி."

"மழைன்னா எந்த மழை? சாறலா, அட்ச்சு ஊத்துறதா?"

அபிதகுஜாம்பாள் ஜெயவேலுவைப் பார்த்தார். ஜெயவேலு கோப்பைப் புரட்டினார். "கனமழை என்று இருக்கிறது. கனமாகப் பெய்யலாம்" என்று அனுமதி தந்தார்.

செல்போன்களை முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள். மாணவர்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். மற்றப் பரீட்சைகளில் பக்கத்தில் பார்க்கக் கூடாது. இந்தப் பரீட்சையில் மேலே பார்க்கக் கூடாது. வானத்தைப் பார்த்து விடை எழுதுவது காப்பியடித்ததாகக் கொள்ளப்படும் என்று ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள்.

ஆனாலும் ஜெரூஷா பார்த்துவிட்டாள். திருநீர்மலைப் பக்கம் கருகருவென்று திரண்டிருந்தது. காற்று சட்டென்று குளிர்ந்து, தோரணம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. அவள் மூன்று வருஷம் படித்தது இதைத்தான்.

"மேம், இன்னும் கொஞ்ச நேரத்துல மழை வந்துடும். நெஜ மழை. பெருசா வரும் போலிருக்கு."

அபிதகுஜாம்பாளின் முகம் வெளிறியது. "இன்னைக்கா? இன்னைக்கு நமக்கு மழை ப்ரோக்ராம் இருக்கேம்மா!"

அதற்குள் அப்பாதுரை ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். "இயற்கை நம்மைக் காக்க வைத்தது. நாம் காத்திருந்தோம். இனிமேல் இயற்கை காத்திருக்கட்டும்! வான்புகழ் கல்லூரியில் மழை நேரத்துக்கு வரும், அளவாக வரும், ரசீதோடு வரும்…"

முதல் துளி அவர் கண்ணாடியில் விழுந்தது. பக்தவச்சலம்தான் குழாயைத் திறந்துவிட்டார் என்று நினைத்து, அப்பாதுரை அவரை முறைத்தார். பக்தவச்சலம் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அடுத்த நிமிஷம் சடசடவென்று பிடித்துக்கொண்டது. மைதானமே மறைகிற மாதிரி மழை. வேலை நாள். மணி பத்து இருபது. துறைத்தலைவர் இருக்கிறார், தேர்வாளர் இருக்கிறார், மழைமானி பீரோவை விட்டு வெளியே இருக்கிறது. இத்தனை வருஷமாகச் சந்திக்காதவை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஜெரூஷாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது.

"யாரைக் கேட்டுப் பெய்யுது இது?" என்று அப்பாதுரை அலறினார். "மழைமானி! மழைமானிக்குள்ள போயிடப் போகுது! நிறுத்துங்க!"

மழையை நிறுத்த முடியாததால் தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். உயரமான நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்து மழைமானிக்கு மேலே விரிக்க வேண்டும், ஒரு சொட்டு உள்ளே விழுந்தால் பரீட்சை ரத்து என்று உத்தரவு. மழைக் கோஷ்டியிலேயே உயரமானவன் மெர்வின்.

ஜெரூஷா அவனிடம் ஓடினாள். "அண்ணா, நீங்க ஏழெட்டு வருஷமா காத்துக்கிட்டிருந்த மழை இதுதான். அதை நீங்களே தடுக்குறீங்களே!"

மெர்வின் தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. "எனக்குத் தெரியாதா ஜெரூ? பேசாம இரு. என் பொண்ணு எல்.கே.ஜி. சேந்துட்டா. அவளுக்கு முன்னாடியாவது நான் படிச்சு முடிக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, தன் மூலையை இன்னும் உயர்த்திப் பிடித்தான்.

அவள் ஜெயவேலுவிடம் போனாள். அவருக்கு இரண்டு பேர் குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள், மாணவர்களுக்குத்தான் கூடாது.

"சார், இதுவே ஏழு சென்டிமீட்டருக்கு மேல பெய்யும் சார். இதையே அளக்கலாமே."

ஜெயவேலு நிதானமாகச் சொன்னார்: "உணர்ச்சிவசப்படக் கூடாது. கேள்வித்தாளில் மழை மூலம் டேங்கர் லாரி என்று அச்சாகியிருக்கிறது. இயற்கை மழை பாடத்திட்டத்துக்கு வெளியே. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? மழையா வந்து சாட்சி சொல்லும்?"

பக்தவச்சலம் குழாயை இழுத்துக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்தார். குழாய் வாயைக் கட்டைவிரலால் அழுத்தித் தூவினார். மேலே ஒரு மழை, கீழே ஒரு மழை, நடுவில் தார்ப்பாய். "ஊரெல்லாம் சும்மா பேஞ்சிகினு கீது, இங்க நான் காசுக்குப் பேஞ்சிகினு கீறேன்" என்று அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெரூஷா பையைத் திறந்தாள். சரோஜினி எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்திருந்த எவர்சில்வர் டப்பா, வளைவில்லாமல் நேராக நிற்கிற உயர டப்பா. சாதத்தை ஒரு வாழையிலையில் கொட்டிவிட்டு, டப்பாவைத் துடைத்து, திறந்த வெளியில் சமமான இடம் பார்த்து வைத்தாள். பக்கத்திலேயே நின்றாள். தேற்றிக்கொண்ட மனசு எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணெதிரே இவ்வளவு மழை பெய்யும்போது அதை அளக்காமல் இருக்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.

தார்ப்பாய்க்கு அடியில் ஏழு தொட்டதும், "போதுமா சார்?" என்று கேட்டுப் பக்தவச்சலம் நிறுத்திக்கொண்டார். லோடு காலியாகாமல் டிரிப் சீட்டில் கையெழுத்துப் போட முடியாது என்று அலுவலகம் சொன்னதால், மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் மைதானத்திலேயே திறந்துவிட்டார். மணி ஒன்று அடித்தது. எல்லோரும் எழுதினார்கள்: ஏற்பாட்டு மழை ஏழு சென்டிமீட்டர். அதற்குக் கீழே அப்போதுதான் அவசரமாகக் கோடு போட்ட ஒரு கட்டம் இருந்தது, 'இயற்கை மழை' என்று. தார்ப்பாய் ஒழுகவில்லை என்பதற்கு உறுதிமொழி. எல்லோரும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், மழையில் எழுத்து கரையக் கரைய.

ஜெரூஷா டப்பாவுக்குள் ஸ்கேலை விட்டுப் பார்த்தாள். ஒன்பது சென்டிமீட்டர் என்று எழுதினாள்.

"உன் மழை எங்கே பெய்தது?" என்று கேட்டார் ஜெயவேலு.

"எல்லா இடத்துலயும் சார்."

"அதுதான் தவறு. கேட்டது மழைமானியில்." பூஜ்யம் போட்டார்.

மெர்வின் உள்பட எல்லோரும் தேறினார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். கல்லூரி தன் முகநூல் பக்கத்தில், டேங்கர் லாரி மூலம் வளாகத்தில் ஏழு சென்டிமீட்டர் மழை பெய்வித்துச் சாதனை என்று படத்தோடு போட்டது. படத்தில் அப்பாதுரை குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவருடைய புதுக் கார் மூழ்கிக்கொண்டிருந்தது. தாளாளருக்கென்று ஒதுக்கிய இடம் வளாகத்தின் பள்ளமான மூலை. ஏரியாக இருந்த காலத்தில் மதகு அங்கேதான் இருந்தது. கல்லூரி வந்தது மனிதர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியாது. அது பழைய வழியிலேயே போய்ச் சேர்ந்தது. மாலையில் பார்த்தபோது காரின் கூரைமேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

ஜெரூஷா வீட்டுக்குப் போனபோது முடிச்சூரில் தெருவெல்லாம் தண்ணீர். வாசப்படி வரை வந்து நின்றிருந்தது. "ரிசல்ட் என்னாச்சும்மா?" என்றாள் சரோஜினி. ஜெரூஷா டப்பாவைக் கழுவப் போனாள். இரவெல்லாம் இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. மழைக்குப் பயந்து சரோஜினி, வேலை போய்விடுமோ என்று பயந்து ஜெரூஷா.

வெள்ளிக்கிழமை இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தாள். ரேஷ்மா என்று பெயர், குரலே உயராத பெண். காரைச் சுற்றி வந்தாள். பிறகு செல்போனில் கல்லூரியின் முகநூல் பக்கத்தைத் திறந்து அப்பாதுரையிடம் காட்டினாள்.

"சார், நீங்களே தண்ணி ஊத்தியிருக்கீங்களே. உங்க வண்டியை நீங்களே முக்கினா கம்பெனி எப்படி சார் குடுக்கும்?"

"அம்மா, அது ஏற்பாட்டு மழை! பரீட்சைக்கு! வண்டியை முக்கினது நெஜ மழை!"

"நெஜ மழைக்கு அளவு இருக்கா சார்? ஏர்போர்ட் பக்கம் அன்னைக்கு வெறும் நாலு சென்டிமீட்டர்தான். இங்க என்னன்னு தெரியணும்."

அப்பாதுரை விடைத்தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். ரேஷ்மா ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இயற்கை மழை: இல்லை. இயற்கை மழை: இல்லை. அத்தனை பேரும் கையெழுத்தோடு சொல்லியிருந்தார்கள். கீழே ஜெயவேலு சரிபார்த்து முத்திரை குத்தியிருந்தார்.

"இது ஒண்ணுலதான் ஒன்பதுன்னு இருக்கு. ஆனா பூஜ்யம் போட்டிருக்கீங்க" என்றாள் ரேஷ்மா. "இவங்க முறையாப் படிச்சுத் தேறினவங்களா இருந்து, அளந்தது நான்தான்னு கையெழுத்துப் போட்டா ஏத்துக்கலாம். அதுவும் பாலிசில மிகக் கனமழைன்னு இருக்கு. பன்னெண்டு சென்டிமீட்டராவது வேணும். நான் வெயிட் பண்றேன் சார்."

முடிச்சூருக்குக் கல்லூரிக் காரே போயிற்று. ஜெரூஷா வந்து சேர்வதற்குள் கல்விக்குழு கூடி, பூஜ்யத்தை நூறாக்கி, கலைந்தும் விட்டது. இத்தனை வருஷம் அசையாத விதி, அபிதகுஜாம்பாள் பேனா மூடியைக் கழற்றுகிற நேரத்தில் அசைந்துவிட்டது.

"வாம்மா, வா!" என்று அப்பாதுரை எழுந்தே நின்றார். "எல்லாரும் லாரிக்குப் பின்னாடி ஓடினப்போ, உண்மையான மழையைத் தேடிப் போன ஒரே மாணவி! நான் அன்னைக்கே சொன்னேன், இந்தப் பொண்ணு கிட்ட ஏதோ இருக்குன்னு. பிடிம்மா சான்றிதழ்." அவரே கையெழுத்துப் போட்டு, அவரே முத்திரை குத்தி, இரண்டு கையாலும் கொடுத்தார். புகைப்படமும் எடுத்தார்கள்.

ஜெரூஷா சான்றிதழை வாங்கினாள். பெயர் சரியாக இருந்தது. திங்கட்கிழமை சிறுசேரிக்குப் போகலாம். அம்மாவுக்கு உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இப்ப இதுல சின்னதா ஒரு கையெழுத்து. அன்னைக்கு நீ அளந்ததை எழுதிக் குடுத்துடு" என்று அப்பாதுரை ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பிறகு குனிந்து, ரேஷ்மாவுக்குக் கேட்காத குரலில், "பன்னெண்டுன்னு போடும்மா" என்றார்.

"ஒன்பது சார்."

"தெரியும். பன்னெண்டுன்னு போடு. மூணு சென்டிமீட்டர்ல என்னம்மா வந்துடப் போகுது? இவ்ளோண்டு." விரல்களை விரித்துக் காட்டினார்.

ஜெரூஷா பேனாவை எடுத்தாள். கொடுத்த சான்றிதழைப் பிடுங்கிக்கொள்ள அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பன்னிரண்டு என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு கார் வரும், எல்லோரும் சிரிப்பார்கள். அவள் அந்த இரண்டு விரல்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"எங்க வீட்டு வாசப்படிக்கும் ஹாலுக்கும் நடுவுல அவ்ளோதான் சார் இருக்கு" என்றாள். "இன்னைக்கு நான் பன்னெண்டுன்னு எழுதினா, நாளைக்கு நெஜமாவே பன்னெண்டு வரும்போது, எந்திரிச்சுப் போங்கன்னு நான் சொன்னா எங்க தெருவுல ஒருத்தரும் போக மாட்டாங்க."

ஒன்பது என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பக்கத்தில் முதல் தடவையாக பி.எஸ்ஸி. என்று போட்டாள். அப்பாதுரை கை நீட்டுவதற்குள் ரேஷ்மா தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஜெரூஷா எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, சான்றிதழைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

அப்பாதுரையின் முகம் சிவந்தது, கறுத்தது. மேஜையை ஓங்கித் தட்டினார்.

"ஒரு சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் தெரியல! இந்தப் பொண்ணுக்கெல்லாம் யாருய்யா டிகிரி குடுத்தது?"

அபிதகுஜாம்பாள் பேனாவை மூடினார்.

"நீங்கதான் சார். இப்பத்தான்."